பொய்ப் பழி என்று தெரிந்துவிட்டது. பரப்பியவன் இப்போது என்ன செய்யவேண்டும்?

#1 கடுகுவிதை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பல வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதியது குறைவு. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் சபையில் கட்டட நிதிக் கணக்கை ஒரு மூத்த சகோதரர் எழுதிவந்தார். வருடக் கடைசியில் அறிவித்த காணிக்கைத் தொகையும் கணக்கில் இருந்த தொகையும் ஒத்துப்போகவில்லை. யாரோ அந்தக் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நான் அதை வேறு நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். "திருடினார்" என்று நான் எழுதவில்லை. "இதற்கு யார் பதில் சொல்வது?" என்று மட்டும் எழுதினேன். அன்று இரவுக்குள் எல்லாருக்கும் பதில் தெரிந்துவிட்டது போலத்தான் பேசினார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தணிக்கைக்காரர் வந்து பார்த்தார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கடைசியாகச் செலுத்திய தொகை அடுத்த பக்கத்தில், அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. வங்கிச் செலான் அதே பக்கத்தில் ஒட்டியிருந்தது. படமெடுத்தவர் பக்கத்தைத் திருப்பவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

குழுக்களில் இப்போது அமைதி. "விஷயம் முடிந்துவிட்டது, கர்த்தருக்கு நன்றி" என்று ஒருவர் போட்டார், முப்பது பேர் ஆமென் போட்டார்கள். அந்தச் சகோதரர் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. வேதம் இதற்கு என்ன சொல்கிறது? நான் என்ன செய்யவேண்டும்?

#2 ஒலிவக்கிளை

பிரதர், மனம் கலங்கவேண்டாம். நீங்கள் அறிக்கையிட்டீர்கள், அவர் மன்னிக்கிறவர். இனிமேல் மத்தேயு 7:1-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களைத் தீர்க்காதிருங்கள் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். யாரைப்பற்றியும் எதுவும் சொல்லாமல் இருந்தால் இந்த மாதிரிப் பிரச்சினையே வராது.

#3 பெரேயா வாசகன்

ஒலிவக்கிளை சொன்னதில் ஆறுதல் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை.

முதலில் மத்தேயு 7. நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று இருக்கிறது. அப்புறம் யோவான் 7:24-ஐ எடுங்கள்: "தோற்றத்தின்படி தீர்ப்புசெய்யாமல், நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்." இரண்டையும் சொன்னவர் ஒரே இயேசு. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் வருவது கிரினோ என்ற ஒரே வினைச்சொல்தான். ஒரு இடத்தில் தீர்க்காதே என்கிறார், இன்னொரு இடத்தில் நீதியாய்த் தீர்ப்புசெய் என்கிறார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் முதல் இடத்தில் "குற்றவாளிகளென்று" என்று ஒரு சொல்லைச் சேர்த்து, அங்கே எந்த விதமான தீர்ப்பு விலக்கப்படுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். விசாரித்து அறிவதை அவர் தடுக்கவில்லை. ஒருவனைக் குற்றவாளி என்று முத்திரை குத்தி, நான் நீதிபதி என்று உட்கார்வதைத் தடுக்கிறார்.

அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே வாசியுங்கள். ஐந்தாம் வசனத்தில், முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடு, அப்புறம் சகோதரனுடைய கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார். துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. பதினைந்தாம் வசனத்தில் கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள், கனிகளால் அவர்களை அறிவீர்கள் என்கிறார். எதையும் நிதானித்துப் பார்க்காதவன் கனியை எப்படி அறிவான்?

இரண்டாவது, "எதுவும் சொல்லாமல் இருப்பது". லேவியராகமம் 19-ல் கோள்சொல்லித் திரியாயாக என்ற கட்டளைக்கு அடுத்த வசனத்திலேயே பிறனைக் கடிந்துகொள்ளவேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. இரண்டும் தற்செயலாகப் பக்கத்தில் நிற்கவில்லை. அவனிடம் போய்ப் பேசாதவன் அவனைப்பற்றிப் பேசுவான். கடுகுவிதைத் தம்பி, நீங்கள் நான்கு குழுவுக்கு அனுப்பினீர்கள். அந்தச் சகோதரருக்கு ஒரு போன் செய்தீர்களா?

#4 கடுகுவிதை

இல்லை ஐயா. அவருடைய எண் என்னிடம் இருந்தது. செய்யவில்லை.

#5 யோர்தான்கரை

ஐயா சொன்னதோடு யோசுவா 22-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரசங்கத்தில் அதிகம் வராத அதிகாரம்.

ரூபனியரும் காத்தியரும் மனாசேயின் பாதிக் கோத்திரமும் தங்கள் பக்கத்துக்குத் திரும்பிப்போகும் வழியில் யோர்தான் ஓரத்தில் பெரிய பலிபீடம் ஒன்றைக் கட்டுகிறார்கள். மற்ற கோத்திரங்களுக்குச் செய்தி போகிறது. இது விக்கிரக ஆராதனை, கர்த்தருக்கு விரோதமான கலகம் என்று முடிவுசெய்து சீலோவில் யுத்தத்துக்குக் கூடிவிடுகிறார்கள். பீடம் உண்மையாகவே இருக்கிறது, கண்ணால் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆதாரத்தில் குறையே இல்லை.

ஆனால் வாளோடு புறப்படுமுன் பினெகாசையும் கோத்திரத்துக்கு ஒருவராகப் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். போனவர்களும் மென்மையாகப் பேசவில்லை, கடுமையாகவே குற்றஞ்சாட்டினார்கள். எதிர்ப்பக்கத்துக்காரர்கள் பதில் சொன்னார்கள்: இது பலிக்காகக் கட்டியது இல்லை. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, உங்களுக்குக் கர்த்தரிடத்தில் பங்கில்லை என்று சொல்லிவிடக்கூடாது, அதற்குச் சாட்சியாகக் கட்டினோம். அவ்வளவுதான், யுத்தம் நின்றது. பீடத்துக்கு ஏத் என்று பேரிட்டார்கள். ஏத் என்றால் சாட்சி.

பார்த்தது சரி, புரிந்துகொண்டது தவறு. உங்கள் சபையில் வந்த படமும் இதே மாதிரி. படம் பொய்யில்லை.

#6 பெரேயா வாசகன்

நல்ல இடத்தை எடுத்தீர்கள். அப்போஸ்தலர் 21:29-ஐயும் பாருங்கள். எபேசியனாகிய துரோப்பீமு பவுலோடு நகரத்தில் இருந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். அதனால் பவுல், யூதனல்லாத அவனைத் தேவாலயத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தான் என்று நினைத்தார்கள். பார்த்தது தெருவில், நினைத்தது தேவாலயத்தில். லூக்கா அந்த "நினைத்தார்கள்" என்ற சொல்லை எழுதாமல் விட்டிருந்தால் பவுலை ஏன் அடித்தார்கள் என்பதே நமக்கு விளங்காது.

#7 ஆகாரின் கிணறு

எல்லாம் வாசித்தேன். எனக்கு இந்த இழையில் மூச்சு முட்டுகிறது. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு சபையில், பொறுப்பிலிருந்த ஒருவர் என்னிடம் நடந்துகொண்ட விதத்தைப்பற்றி மூப்பர்களிடம் சொன்னேன். எனக்குக் கிடைத்த பதில் 1 தீமோத்தேயு 5:19. மூப்பனுக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்றுக்கொள்ளக்கூடாது. ஒருவர் வேதத்தைத் திறந்து, அந்த வசனத்தில் விரலை வைத்து, என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அந்த விரல் இன்னும் என் கண்முன் இருக்கிறது. கதவை மூடிக்கொண்டு செய்கிறவன் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டா வருவான்? "பொய்ப் பழி பாவம் சிஸ்டர், ஜாக்கிரதை" என்று அனுப்பிவிட்டார்கள்.

கடுகுவிதை பிரதருடைய காரியம் வேறு, எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எல்லாரும் இங்கே எழுதுகிற ஒவ்வொரு வசனத்தையும் என்னைப்போல ஒருத்தியின் வாயை அடைக்க யாரோ நாளைக்கு எடுப்பார்கள். அதற்கும் சேர்த்து எழுதுங்கள்.

#8 பெரேயா வாசகன்

சகோதரி, நீங்கள் சொன்னபிறகு கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். உங்களுக்குக் காட்டிய வசனத்தின்மேல் விரலை வைத்தவர், அதை இரண்டு அங்குலம் கீழே இறக்கியிருக்கவேண்டும். அடுத்த வசனம், 5:20: மற்றவர்களுக்குப் பயமுண்டாகும்படி பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள். அதற்கும் அடுத்தது, பட்சபாதத்தோடே ஒன்றும் செய்யாதே என்பது. 19-ஐ மட்டும் வாசித்து 20, 21-ஐ மூடிவைத்தது பட்சபாதம்தான்.

சாட்சிகள் என்ற பிரமாணம் எங்கிருந்து வருகிறது? உபாகமம் 19. அங்கே வழக்கைத் தள்ளிவிடு என்று எங்குமே இல்லை. ஒரே ஒருவன் சாட்சியாக வந்து நின்றால்கூட, இருவரும் கர்த்தருடைய சந்நிதியில் நிற்கவேண்டும், நியாயாதிபதிகள் நன்றாய் விசாரணை செய்யவேண்டும் என்று 17, 18-ஆம் வசனங்கள் சொல்கின்றன. இரண்டு சாட்சி கேட்பது தண்டிப்பதற்கு. கேட்டு விசாரிப்பதற்கு ஒருவர் போதும்.

இன்னொன்று. உபாகமம் 22:25-27. வெளியில், யாரும் இல்லாத இடத்தில் பலாத்காரம் செய்யப்பட்ட பெண். சாட்சி ஒருவரும் இல்லை. அவள் கூப்பிட்டும் அவளை இரட்சிப்பார் இல்லாமற்போயிற்று என்று பிரமாணமே அவளுக்காகப் பேசுகிறது. அவள் கூப்பிட்டாள் என்பதைக் கேட்டவர் யாருமில்லை, ஆனாலும் கூப்பிட்டாள் என்றே நியாயப்பிரமாணம் எடுத்துக்கொள்கிறது.

அந்த மூப்பர்கள் உங்களுக்கு அநியாயம் செய்தார்கள். குற்றமாக இருந்தால் அதிகாரிகளிடம் போவதற்கும் உங்களுக்கு உரிமை இருந்தது. ரோமர் 13 அதிகாரத்தைத் தேவ ஊழியம் என்றுதான் சொல்கிறது. அதைச் சொல்லாமல் விட்டதும் அவர்கள் தப்பு.

#9 மெழுகுவர்த்தி

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன், இந்த இழையில் இடம் உண்டென்று நம்பி. இரண்டு சாட்சிகள் இருந்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா என்று பார்த்தால், நாபோத்தின் கதையே பதில். 1 இராஜாக்கள் 21-ல் அரசி யேசபேல், நாபோத்தின்மேல் பொய்ப் பழி சொல்ல, சரியாக இரண்டு சாட்சிகளை உட்காரவைக்கிறாள். உபவாசமும் கூறுகிறார்கள். சட்டப்படி எல்லாம் நடக்கிறது. நாபோத் கல்லெறியுண்டு சாகிறான், திராட்சத்தோட்டம் அரசனுக்குப் போகிறது.

எங்கள் விவிலியத்தில் தானியேல் நூலின் இணைப்பில் சூசன்னாவின் கதை இருக்கிறது. அவள் விபசாரம் செய்ததைப் பார்த்தோம் என்று அங்கேயும் இரண்டு சாட்சிகள், இருவரும் மக்களின் மூப்பர்கள், நடுவர்கள். மக்கள் நம்பிவிட்டார்கள். இளைஞரான தானியேல் செய்தது ஒன்றுதான், இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் அடியில் பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறு மரத்தைச் சொன்னார். ஆகாரின் கிணறு அவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: அங்கே அதிகாரத்திலிருந்த ஆண்கள் இருவரின் சொல்லுக்கு எதிராக ஒரே ஒரு பெண்ணின் சொல்தான் நின்றது. அதுதான் உண்மை என்று வெளிப்பட்டது. விசாரித்ததால் அவள் உயிர் தப்பினாள்.

எங்கள் திருச்சபையிலும் இந்தக் காரியத்தில் பெரிய காயங்கள் உண்டு, மறைக்கப்போவதில்லை. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி என்ற சட்டம், முறையிடுகிறவரின்மேல் மௌனத்தைச் சுமத்தக்கூடாது, அவரைப் பழிவாங்கக்கூடாது என்று சொல்கிறது. அதே சட்டம் விசாரிக்கப்படுகிறவர் குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை நிரபராதியாகவே கருதப்படவேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுத முடிகிறது. முறையிடுகிறவரைக் கேட்பதும் குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று யாரோ நமக்குப் பழக்கிவிட்டார்கள்.

#10 ஆகாரின் கிணறு

உபாகமம் 22-ஐ யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. நன்றி ஐயா. நன்றி மெழுகுவர்த்தி. சூசன்னாவை இன்றிரவு தேடி வாசிக்கிறேன்.

#11 ஒலிவக்கிளை

சிஸ்டர், நான் மேலே "எதுவும் சொல்லாமல் இருந்தால்" என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

ஒரு கேள்வி. யார் சொன்னாலும் இரண்டு பக்கமும் கேட்கவேண்டும் என்பது விசாரிக்கிறவர்களுக்குச் சரி. என்னைப் போன்ற சாதாரண ஆள், குழுவில் ஒரு செய்தியைப் பார்க்கிறவன், அவனுக்கு என்ன பொறுப்பு?

#12 பெரேயா வாசகன்

யாத்திராகமம் 23:1. "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக." சொல்லாதே என்பதற்கு முன்னால் ஏற்றுக்கொள்ளாதே என்கிறது. காதுக்கும் கட்டளை உண்டு. அடுத்த வசனம், தீமைசெய்யத் திரளான பேர்களைப் பின்பற்றாதே. முப்பது பேர் ஆமென் போட்ட குழுவுக்கு என்றே எழுதியது மாதிரி இருக்கிறது. அதற்கும் அடுத்த வசனம் இன்னும் ஆச்சரியம், வழக்கிலே தரித்திரனுடைய முகத்தையும் பாராதே என்கிறது. ஏழை என்பதற்காகவும் சாயாதே, பெரியவன் என்பதற்காகவும் சாயாதே.

நீதிமொழிகள் 18:17-ஐ எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்: தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலான் வந்து அவனைப் பரிசோதிக்கிறான். தாவீதே இதில் விழுந்தார். தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடும்போது, சவுலின் பேரன் மேவிபோசேத்தின் வேலைக்காரன் சீபா இரண்டு கழுதைகளில் இருநூறு அப்பங்களும் திராட்சவற்றலும் திராட்சரசமும் கொண்டுவந்து நிற்கிறான். உன் எஜமான் மேவிபோசேத் எங்கே என்று தாவீது கேட்க, அவன் ராஜ்யம் தனக்கு வரும் என்று எருசலேமிலே உட்கார்ந்திருக்கிறான் என்கிறான். அந்த இடத்திலேயே தீர்ப்பு. மேவிபோசேத்துக்கு உண்டானதெல்லாம் சீபாவுக்கு.

மூன்று அதிகாரம் தள்ளி மேவிபோசேத் வருகிறான். ராஜா போன நாள்முதல் கால்களைச் சுத்தம் செய்யவில்லை, தாடியைச் சவரம்பண்ணவில்லை, துணிகளை வெளுக்கவில்லை. இரண்டு காலும் முடமானவன். கழுதையில் சேணம்வைக்கச் சொன்னேன், வேலைக்காரன் என்னை மோசம்போக்கினான் என்கிறான். தாவீது அப்போதும் முழுவதும் விசாரிக்கவில்லை, நிலத்தை இரண்டுபேரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். அவசரத்தில் கொடுத்த தீர்ப்பை முழுவதும் திரும்ப எடுக்க ராஜாவுக்கே மனம் வரவில்லை. எனக்கு அந்த இடம் வாசிக்க எப்போதுமே கஷ்டம்.

நம்முடைய தேவன் எப்படி? எல்லாம் அறிந்தவர், ஆதியாகமம் 18:21-ல் சோதோமின் கூக்குரலைக் கேட்டபிறகு, நான் இறங்கிப்போய்ப் பார்த்து அறிவேன் என்கிறார். அவருக்கு இறங்கிப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. அவர் இறங்கிப்போகிறார், நாம் கட்டிலில் படுத்தபடி ஃபார்வர்டு செய்கிறோம்.

#13 அதுல்லாம் குகை

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடுகுவிதை பிரதர், நான் உங்கள் கதையில் மறுபக்கத்தில் இருந்தவன். வேறு சபை, வேறு குற்றச்சாட்டு. பொய் என்று தெரிய எட்டு மாதம் ஆனது.

எது வலித்தது என்று சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்படலாம். குற்றம் சாட்டியவரை நான் புரிந்துகொண்டேன், அவருக்கு என்மேல் பழைய மனவருத்தம். தாங்கமுடியாதது மற்றவர்கள். ஆராதனையில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற ஒருவர், ஒரு ஞாயிறு, தன் பாட்டுப் புத்தகத்தை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே ஆராதனை முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

உண்மை தெரிந்தபிறகு நான்கைந்துபேர் தனியாக வந்து கையைப் பிடித்தார்கள். "உங்களை நான் அப்போதே நம்பினேன்" என்றார்கள். அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் கெட்ட என் பெயரைத் தனியறையில் திருப்பித் தந்தார்கள். யாராவது ஒருவர் சபை நடுவில் எழுந்து என் பெயரைச் சொல்லி, இவர் அதைச் செய்யவில்லை என்று ஒரு வரி சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் இன்று வேறு சபையில் இருக்கிறேன்.

#14 கடுகுவிதை

அண்ணா, இதை வாசித்து அழுதுவிட்டேன். நான் நாளை அவர் வீட்டுக்குப் போய்த் தனியாக மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். அது போதாது என்கிறீர்கள்.

#15 அதுல்லாம் குகை

போங்கள். முதலில் அதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிடவேண்டாம் தம்பி.

#16 மெழுகுவர்த்தி

இதைத்தான் எங்கள் மறைக்கல்வி ஈடுசெய்தல் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2477-ஆம் எண் மூன்று பாவங்களைப் பிரிக்கிறது. போதிய ஆதாரமில்லாமல் ஒருவரிடம் குற்றம் உண்டென்று மனதுக்குள்ளேயே முடிவுகட்டுவது ஒன்று. உண்மையான குறையையே, தக்க காரணமின்றி, அதை அறியாதவர்களிடம் சொல்வது இரண்டாவது. பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. இதில் இரண்டாவதைப் பலர் பாவம் என்றே நினைப்பதில்லை, "உண்மையைத்தானே சொன்னேன்" என்பார்கள். 2487-ஆம் எண், உண்மைக்கும் நீதிக்கும் எதிராகச் செய்த தவறு மன்னிக்கப்பட்டாலும் ஈடுசெய்யும் கடமை தீராது என்கிறது. எல்லார் முன்னும் செய்ததை எல்லார் முன்னும் சரிசெய்வதும் அதில் அடங்கும். ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிப்புப் பெற்றவருக்கும் இது பாக்கிதான்.

உங்கள் பக்கத்திலும் இதே போதனை உண்டு. லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு விளக்கம் சொல்லும்போது, பிறனைப்பற்றி நல்லதையே பேசி, அவன் செய்வதை எல்லாம் நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். 1563-இன் ஹைடல்பர்க் ஞானோபதேசம், 112-ஆம் கேள்வியில், ஒருவனையும் விசாரியாமல் அவசரப்பட்டுக் கண்டிக்கக்கூடாது, கண்டிக்கிறவர்களோடு சேரவும் கூடாது என்கிறது. நாங்களும் லூத்தரன்களும் இதை எட்டாம் கட்டளை என்று எண்ணுகிறோம், நீங்கள் ஒன்பதாம் கட்டளை என்கிறீர்கள். எண்ணில் மட்டும்தான் வித்தியாசம்.

#17 பெரேயா வாசகன்

மெழுகுவர்த்தி சொன்ன ஈட்டுக்கு லூக்கா 19-ல் ஒரு வாசல் இருக்கிறது. ஆயக்காரனான சகேயு, நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். "அநியாயமாய் வாங்கினது" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் வினைச்சொல் லூக்கா 3:14-லும் வருகிறது. யோவான்ஸ்நானன் போர்ச்சேவகரிடம் சொல்வது. அங்கே நம் வேதத்தில் அதை "பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும்" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். பொய்க் குற்றம் சுமத்திப் பறிப்பது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஆக, சகேயு செலுத்தும் நாலத்தனை பொய்ப் பழிக்கும் சேர்த்துத்தான் என்று நான் வாசிக்கிறேன்.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். பிசாசு என்பதற்குக் கிரேக்கத்தில் தியாபொலொஸ். அவதூறு சொல்கிறவன் என்று அர்த்தம். 1 தீமோத்தேயு 3:11-ல் ஸ்திரீகள் அவதூறுபண்ணாதவர்களாய் இருக்கவேண்டும் என்ற இடத்திலும் அதே சொல்தான். வெளிப்படுத்தல் 12:10-ல் அவன் இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றஞ்சுமத்துகிறவன். 1 யோவான் 2:1-ல் இயேசு நமக்காகப் பரிந்து பேசுகிறவர். குழுவில் விரலை வைக்குமுன் நான் யாருடைய வேலையைச் செய்கிறேன் என்று பார்த்துக்கொள்ளலாம்.

#18 யோர்தான்கரை

சபையார் முன்னால் நிற்பது என்றதும் சாமுவேல் சிவால் நினைவுக்கு வருகிறார். 1692-இல் அமெரிக்காவின் சேலத்தில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றம் சாட்டியவர்களும் தீர்ப்புச் சொன்னவர்களும் வேதம் வாசிக்கிற கிறிஸ்தவர்கள். சாட்சி? உன் ஆவியுருவம் என்னிடம் வந்து என்னை வதைத்தது என்பதைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டார்கள். யார் இதை மறுத்து நிரூபிக்க முடியும்?

அந்த நீதிபதிகளில் ஒருவர் சிவால். 1697 ஜனவரியில் ஒரு உபவாச நாளில், தன் குற்றத்தை எழுதி போதகரிடம் கொடுத்தார். போதகர் அதை வாசித்தபோது சபை நடுவில் எழுந்து நின்றார். பழியையும் வெட்கத்தையும் தான் ஏற்றுக்கொள்வதாக அதில் எழுதியிருந்தார். மற்ற நீதிபதிகள் யாரும் அப்படி நிற்கவில்லை.

#19 மெழுகுவர்த்தி

சேலத்தைச் சொன்னீர்கள், அதற்கு முன்னால் நாமே பழி சுமந்த பக்கத்திலும் இருந்திருக்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். முதல் நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் குழந்தைகளைக் கொன்று தின்கிறார்கள் என்று ரோமர்கள் பேசினார்கள். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரைக் கிறிஸ்தவர்கள் என்று குற்றஞ்சாட்டி, எழுதியவர் பெயரில்லாத பட்டியல் ஒன்று ஆளுநர் பிளினியிடம் வந்தபோது, பெயரில்லாக் குற்றச்சாட்டுக்கு எந்த வழக்கிலும் இடமில்லை என்று பேரரசர் திராயான் பதில் எழுதினார். அவர் கிறிஸ்தவர் இல்லை. அப்புறம் நாம் பலம்பெற்ற காலத்தில் அதே பழியை யூதர்கள்மேல் போட்டோம். 1247-இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் அதைக் கண்டித்து எழுதவேண்டி வந்தது. எழுதியும் நிற்கவில்லை.

நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியுவின் கதையும் உண்டு. அர்சேனியு என்ற ஆயரைக் கொன்று கையை வெட்டிவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். 335-இல் தீரு நகரத்து மன்றத்தில் ஒரு பெட்டியில் காய்ந்த கையைக் காட்டினார்கள். அத்தனாசியு அர்சேனியுவை உயிரோடு கூட்டிவந்து, மேலாடையைத் தூக்கி ஒரு கையைக் காட்டினார், அப்புறம் மறு கையைக் காட்டினார், மூன்றாவது கை எங்கிருந்து வெட்டப்பட்டது என்று கேட்டார் என்று திருச்சபை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியும் அந்த மன்றம் அவரை விடவில்லை. அதே வருடம் வேறொரு குற்றச்சாட்டில் நாடுகடத்தப்பட்டார். பழி பொய் என்று காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கக்கூடாது. அதனால்தான் கடுகுவிதை, தணிக்கை அறிக்கை வந்ததோடு விட்டுவிடாதீர்கள்.

#20 கடுகுவிதை

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

நான் பரப்பியது தவறு என்று நான்கு குழுக்களிலும் போட்டேன். ஒன்றில் அட்மின் அழித்துவிட்டார், ஏன் பழசைக் கிளறுகிறீர்கள் என்றார். மறுபடியும் போட்டேன், அதன்பிறகு விட்டுவிட்டார்.

நேற்று மாலை அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"படத்தை அனுப்புமுன் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் ஐயா."

"பக்கத்தின் மேலே தேதி எழுதியிருந்தேனே, அதைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அங்கேயே என் போனில் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். மேலே வலது ஓரத்தில், சிறிய எழுத்தில், தேதி. வருடம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்தத் தேதியை யாராவது ஒருவர் வாசித்திருந்தால் போதும், இது கடைசிப் பக்கம் இல்லை என்று தெரிந்திருக்கும். நான் அந்தப் படத்தை எத்தனை முறை திறந்து பார்த்தேன்!

சபையில் எழுந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சொல்லுங்கள். அன்றைக்கு நான் வரமாட்டேன். நீங்கள் சொன்னீர்கள் என்று என் மனைவி வந்து சொல்லட்டும், அப்புறம் பார்க்கிறேன்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போதகர் சம்மதித்துவிட்டார். வாசிக்க இதை எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"சில வாரங்களுக்கு முன் கட்டட நிதிக் கணக்கு குறித்து நம் சபையில் தவறான புரிதல் ஏற்பட்டது. அதனால் நம் சகோதரர் ஒருவருக்கு மன வருத்தம் உண்டானது. அதற்காக வருந்துகிறேன்."

#21 ஆகாரின் கிணறு

பிரதர், "தவறான புரிதல் ஏற்பட்டது" வேண்டாம். அது தானாக ஏற்படவில்லை. எனக்கும் ஒரு முறை இப்படி ஒரு கடிதம் வந்தது, "வருத்தங்கள் உண்டாகியிருந்தால்" என்று. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதில் யாருமே எதுவுமே செய்திருக்கமாட்டார்கள்.

#22 அதுல்லாம் குகை

"சகோதரர் ஒருவருக்கு" என்பதையும் எடுத்துவிடுங்கள். பெயரைச் சொல்லுங்கள். கெட்டது அந்தப் பெயர்தானே. அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

#23 பெரேயா வாசகன்

படத்தை முதலில் போட்டவரைப்பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். அவர் கணக்கை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கள். தேதியைப் பார்க்காததைச் சொல்லுங்கள்.

#24 கடுகுவிதை

பெயர் சொல்லலாம் என்றார், போனில் கேட்டுவிட்டேன். மாற்றி எழுதியது இது. பெயர் வரும் இடத்தை இங்கே காலியாக விடுகிறேன்:

"இந்தச் சபையின் கட்டட நிதிக் கணக்கைச் சகோதரர் ........ நேர்மையாக எழுதினார். ஒரு ரூபாயும் குறையவில்லை. கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தின் படத்தை நான் நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். அவரிடம் கேட்கவில்லை. பக்கத்தின் மேலே இருந்த தேதியை வாசிக்கவில்லை. கேள்வி கேட்பதுபோல எழுதி அவர்மேல் பழி போட்டேன். அது பொய்ப் பழி. சகோதரர் ........ அதைச் செய்யவில்லை. என்னிடமிருந்து அதைக் கேட்ட ஒவ்வொருவரும், யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம் போய் இதையும் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஞாயிறு முதல் ஆராதனையில் வாசிக்கிறேன். இரண்டாம் ஆராதனைக்கு வேறு ஆட்கள் வருவார்கள், அதிலும் வாசிக்கிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.